சக்கரத்தை ஜெயிக்க வந்த செல்லையன் அண்ணன்

கப்பல் காசினோவில் ரூலெட் சுற்றுகிற டீலர் வேலைக்கு நான் பயிற்சி கொடுத்த பதினான்கு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். இப்போது ஆளுக்கொரு கப்பலில் இருக்கிறார்கள். போன மாதம் அதில் ஒருத்தி ஒரு விளம்பரத்தைப் போட்டாள். கைபேசியிலேயே ரூலெட் ஆடலாம், கூடவே தோற்கவே முடியாத ஒரு 'சிஸ்டம்' இலவசம் என்று கோட்டு போட்ட ஒருவர் சிரித்தபடி சொல்கிறார். அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "சேச்சி, டேபிளில் தினமும் யாராவது ஒருவர் இதையே கேட்கிறார். சிஸ்டம் வைத்து ஜெயிக்க முடியுமா? நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்?"

முடியாது என்பதுதான் பதில். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லி நான் ஒருவரைக்கூட நம்பவைத்ததில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒருவர் நம்பினார். அவரும் நான் சொல்லி நம்பவில்லை. அந்தக் கதையைக் குழுவில் குரல் பதிவாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் பேத்தி குறுக்கே வந்து பாட ஆரம்பித்துவிட்டதால், எழுதியே விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

குளச்சல் பக்கம் எங்கள் ஊர். மீன்பிடிக் குடும்பம். நான் கணிதத்தில் பட்டம் வாங்கினேன். டீச்சர் வேலைக்குக் காத்திருந்த நேரத்தில், கப்பலில் சாப்பாடு பரிமாறும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே ஒரு நாள் பன்னிரண்டு பேர் சாப்பிட்ட மேசையில் கணக்கைத் தனித்தனியாகப் பிரித்துத் தரச் சொல்லி ஒரே களேபரம். மெஷின் வேலை செய்யவில்லை. நான் மனக்கணக்காகப் பிரித்துச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் கப்பல் காசினோவின் மேலாளர். மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பதினேழு முப்பத்தைந்து எவ்வளவு?"

"ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து."

"கப்பல் ஆடும்போது உனக்கு வாந்தி வருமா?"

"எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை, சார்."

இவ்வளவுதான் நேர்காணல். ஆறு வாரம் பயிற்சி. வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அம்மாவிடம் "கணக்கு வேலைக்கு மாத்திட்டாங்க" என்று சொன்னேன். அம்மா அதையே பங்குச் சாமியாரிடமும் சொன்னாள். பொய் என்று சொல்ல முடியாது.

ரூலெட்டைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பெரிய மரச் சக்கரம். அதில் முப்பத்தேழு குழிகள். ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண்கள், பாதி சிவப்பு, பாதி கறுப்பு. மிச்சமிருக்கிற ஒரு குழி பூஜ்யம், அது பச்சை. சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றி, சின்ன வெள்ளைப் பந்தை எதிர்ப்பக்கம் விடுவோம். பந்து எந்தக் குழியில் உட்காருகிறதோ அதுதான் எண். ஒரு எண்ணில் கட்டி ஜெயித்தால் முப்பத்தைந்து மடங்கு. சிவப்பிலோ கறுப்பிலோ கட்டி ஜெயித்தால் கட்டியதற்குச் சமமாக ஒரு மடங்கு. பச்சை வந்தால் சிவப்புக்காரருக்கும் இல்லை, கறுப்புக்காரருக்கும் இல்லை. காசினோவின் பிழைப்பு முழுக்க அந்த ஒரு பச்சைக் குழியில்தான் இருக்கிறது.

மேலாளர் பெயர் ரமோன். பிலிப்பைன்ஸ்காரர். குள்ளமான உருவம், நரைத்த தலை, எப்போதும் பின்னால் கட்டிய கை. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. டேபிளில் ஏதாவது தப்பு நடந்தால், பக்கத்தில் வந்து நின்று மேசை விளிம்பில் நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். ஆட்டக்காரர்களுக்கு அது கேட்கவே கேட்காது. எங்களுக்கு இடி மாதிரிக் கேட்கும்.

அவரிடம் கற்ற ஒழுங்கு இன்னும் என் கையில் இருக்கிறது. பந்து வேகம் குறையும்போது உள்ளங்கையைக் கீழே காட்டி மேசைமீது ஒரு முறை வீச வேண்டும். அதற்குப் பிறகு யாரும் சிப், அதாவது பணத்துக்குப் பதிலாகக் கட்டுகிற வில்லை, வைக்கக் கூடாது. பந்து விழுந்ததும் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். ஜெயித்த எண்ணின்மேல் கண்ணாடிக் குமிழை வைக்க வேண்டும். முதலில் தோற்ற சிப்களை எடுக்க வேண்டும், அப்புறம்தான் ஜெயித்தவருக்குக் கொடுக்க வேண்டும். குமிழை எடுத்த பிறகுதான் அடுத்த ஆட்டம். டேபிளை விட்டு விலகும்போது இரண்டு கையையும் தட்டி, விரித்து, மேலே இருக்கிற கேமராவுக்குக் காட்ட வேண்டும், ஒன்றும் ஒளித்து எடுத்துப் போகவில்லை என்று. முதல் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, எல்லாருக்கும் சோறு பரிமாறி முடித்துவிட்டுக் கைதட்டி இரண்டு உள்ளங்கையையும் மோட்டுக்குக் காட்டினேன். அம்மா அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள். பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அன்றைக்கே கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள்.

ரமோன் சார் தினமும் காலை பத்து மணிக்குச் சக்கரத்தின் உறையைக் கழற்றுவார். மெல்லிய துணியால் விளிம்பைத் துடைப்பார். கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, நடுவில் குமிழி ஓடுகிற ரசமட்டம், அதைச் சக்கரத்தின் நாலு பக்கமும் வைத்துப் பார்ப்பார். கடலில் ஓடுகிற கப்பலில் மட்டம் பார்ப்பது லேசில்லை. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே கப்பல் நேராக நிற்கிற அந்தச் சின்ன இடைவெளிக்காகக் குனிந்தபடி காத்திருப்பார். வந்து விழுந்த எண்களை மணிவாரியாக அச்சடித்துக் கோப்பில் வைத்து, வாரத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் எண்ணுவார். ஏதாவது ஒரு எண் அளவுக்கு மீறி வருகிறதா என்று பார்ப்பதற்கு.

"ஒரு சக்கரம் கோணலாக இருந்தால் அதை ஜெயிக்கலாம்," என்பார். "சக்கரத்தை ஜெயிக்க உலகத்தில் அது ஒன்றுதான் நேர்மையான வழி. அதனால்தான் நான் தினமும் குனிகிறேன்."

இனி செல்லையன் அண்ணனுக்கு வருகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஒரு வாரப் பயணம். மூன்றாம் நாள், கரை தெரியாத நடுக்கடல், பகல் பன்னிரண்டு மணி இருக்கும். என் டேபிளில் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். அவருக்கு அறுபது வயது இருக்கலாம். மடிப்புக் கலையாத புதுப் பேன்ட், சட்டைப் பையில் சின்ன நோட்டு, காதில் பென்சில். அந்த அம்மாள் பட்டுச் சேலைக்குமேல் ஆண்கள் போடும் ஸ்வெட்டர் ஒன்றை மாட்டியிருந்தாள். நான் பந்தை எடுத்து விரலில் வைத்திருந்தேன்.

"ஏட்டி, மூணு கறுப்பு வந்தாச்சு. இனி செவப்பு வராம எங்க போவும்? நீ கைய அங்கயும் இங்கயும் வைக்காம இரி."

"எனக்குக் குளிருது. நீங்க களிங்க. நான் வெளிய போயி வெயில்ல நிக்கேன்."

அத்தனை வருஷத்தில் என் டேபிளில் எங்கள் பேச்சை நான் கேட்டதே இல்லை. பந்து விரலிலேயே நின்றுவிட்டது. மேசை விளிம்பில் நகம் தட்டியது. பந்தை விட்டேன். இருபத்தொன்று, சிவப்பு. அவர் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

டேபிளில் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும். தெரிந்தவர்கள் ஆட வந்தால் உடனே சொல்லிவிட்டு வேறு டேபிளுக்குப் போக வேண்டும். இடைவேளையில் ரமோன் சாரிடம் போய், இவர்கள் என் மாவட்டத்துக்காரர்கள் என்றேன்.

"உறவா?"

"இல்லை சார்."

"முன்பே பார்த்திருக்கிறாயா?"

"இல்லை."

"அப்படியானால் அது பழக்கம் இல்லை, பூகோளம்," என்றார். "ஆனாலும் டேபிள் மாறிக்கொள். வெளியே அவர்களோடு பேசலாம். ஆட்டத்தைப் பற்றி மட்டும் யோசனை சொல்லாதே."

மேல்தளத்தில் சாயா குடிக்கிற இடத்தில் அவர்களைக் கண்டுபிடித்தேன். "நிங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டதும் அந்த அம்மாள் கோப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு நாளா இவருக்க மூஞ்சிய மட்டும் பாத்துப் பேசிட்டு இருக்கேன் பிள்ளே. இரி, இரி."

அவள் பெயர் தங்கம். குலசேகரத்தில் வீடு. அவர் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவர். சிங்கப்பூரில் நர்சாக இருக்கிற மகள் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். செல்லையன் அண்ணன் வந்த நோக்கம் வேறு. இரண்டு வருஷமாக ஆராய்ந்து ஒரு சிஸ்டம் வைத்திருக்கிறாராம். மேசையில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்து அடுக்கிக் காட்டினார்.

"சிம்பிள் மக்ளே. செவப்புல ஒண்ணு வைக்கேன். தோத்தா ரெண்டு. அதுவும் தோத்தா நாலு, அப்புறம் எட்டு. என்னைக்காவது ஒருக்க செவப்பு வரணும்லா? வந்த ஒடனே போனதெல்லாம் திரும்பி வந்து மேல ஒண்ணு லாபம். பின்ன மறுபடி ஒண்ணுல இருந்து. மூணு நாளாச்சு, ஒரு நாளும் தோக்கல்ல. நீ இந்த வேலையில நிக்க ஆளு, நீ சொல்லு, கொள்ளாமா, நல்ல மொறதானா?"

நூற்றுக்கணக்கான பேர் வெவ்வேறு பெயர் வைத்து இதே சிஸ்டத்தை என் டேபிளில் ஆடியிருக்கிறார்கள். அவரவர் ஊரில் அவரவரே கண்டுபிடித்ததாகத்தான் எல்லாரும் நம்புகிறார்கள்.

"ஆட்டத்தப் பத்தி நான் ஒண்ணும் பறையக் கூடாதுண்ணே. வேல போயிரும்," என்றேன்.

"அப்ப கொள்ளாம்னு அர்த்தம்," என்று சந்தோஷமாக எழுந்து, இன்னொரு சாயா வாங்கப் போனார்.

அவர் வரிசையில் நின்ற அந்த நேரத்தில் தங்கம் அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"பேச்சிப்பாறைக்குப் போற வழியில ரெண்டு ஏக்கர் ரப்பர் கெடக்கு. எனக்க அப்பா எனக்கு எழுதித் தந்தது. அத விக்கப் போறாரு. ஆளு பாத்தாச்சு, பேசி முடிச்சாச்சு. ஊருக்குப் போயி அடுத்த புதன்கிழம பத்திர எழுத்து. அந்த ரூவாய வச்சு சிங்கப்பூரு, மக்காவுன்னு ஊரு ஊரா போயி இதையே தொழிலாட்டு செய்யப் போறாராம்."

"ஒங்க பேருல உள்ள எடம்தானே? ஒப்பு போடாதீங்க."

"முப்பத்தஞ்சு வருசத்துல என்ட்ட ஒண்ணும் வேணும்னு கேட்டதில்ல இந்த மனுசன். இப்பதான் மொதல்ல ஒண்ணு கேக்காரு. மாட்டேன்னு எப்பிடி பறைய? அதுவும் தெனமும் ஜெயிச்சிட்டுல்லா வாறாரு. தோத்தா ஒரு வார்த்த சொல்லலாம்." ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அந்த எடத்துல நான் போயி நின்னா எனக்கு ஒரு சொகம் பிள்ளே. வேற ஒண்ணும் இல்ல."

அன்றைக்கு மதியம் நான் சாப்பிடப் போகவில்லை. நேராக ரமோன் சாரின் அறைக்குப் போய் முழுவதையும் சொன்னேன். காசினோவின் மேலாளர் ஒருவர், வாடிக்கையாளர் தோற்கப் போகிறார் என்பதற்காக வருத்தப்படுவார் என்று எனக்கு எதிர்பார்ப்பு இல்லை. அவர் கேட்டுவிட்டு ரசமட்டத்தை மேசைமேல் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஆட வருகிறவர் நம் விருந்தாளி," என்றார். "பிழைக்க வருகிறவர் விருந்தாளி இல்லை. அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால் அந்த டேபிளில் சிரிப்பு போய்விடும். எனக்கு அது பிடிக்காது." அப்புறம் நிமிர்ந்து, "நாளைக் காலை பத்தரைக்கு யார் வகுப்பு?" என்று கேட்டார்.

வாரத்துக்கு ஒரு நாள் பயணிகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு உண்டு. மதிப்பில்லாத சிப்கள். யாரும் வரலாம், எதையும் கேட்கலாம்.

"என் வகுப்புதான் சார்."

"டீலருக்குத்தான் வாய் கட்டு. ஆசிரியைக்கு இல்லை."

"உண்மையைச் சொன்னால் அவர் நம்பமாட்டார், சார்."

"சொல்லாதே. அவரை ஆடவிடு. அதற்குப் பிறகு எல்லாரையும் ஆடவிடு." எண்கள் அச்சடித்த அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு அச்சு இயந்திரத்துக்குப் போனார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று அப்போது எனக்கு முழுதாக விளங்கவில்லை.

மறுநாள் வகுப்புக்கு ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். முன்வரிசையில் செல்லையன் அண்ணன், பென்சிலோடு. யாராவது ஒருவர் ஒரு முறையைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னதுதான் தாமதம், எழுந்துவிட்டார். நூற்றிருபத்தேழு சிப் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, நாலு என்று அறுபத்துநாலு வரை ஏழு முறை இரட்டிக்க அவ்வளவு வேண்டும். டேபிளின் உச்ச வரம்பு நூறு. அதனால் எட்டாவது முறை இரட்டிக்க முடியாது.

நாற்பது முறை சுற்றினேன். ஒரு மணி நேரத்தில் டேபிளில் அவ்வளவுதான் நடக்கும். மனதுக்குள் ஏழு கறுப்பு தொடர்ந்து வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இத்தனை வருஷ வேலையில் பந்திடம் நான் கேட்டது அது ஒன்றுதான். பந்து கேட்கவில்லை. ஒருமுறை ஐந்து தோல்வி வரிசையாக வந்தது. முப்பத்திரண்டு சிப்பைக் கொண்டுபோய்ச் சிவப்பில் வைத்தார். அதற்குள் பக்கத்து உணவுக்கூடத்திலிருந்து ஆட்கள் எழுந்து வந்து சூழ்ந்துவிட்டார்கள். பந்து முப்பதில் விழுந்தது. சிவப்பு. கூட்டம் கைதட்டியது. ஒரு ஆஸ்திரேலியக்காரர் அண்ணனின் தோளைத் தட்டினார். நாற்பது முடிந்தபோது இருபது சிப் லாபம். அண்ணன் எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

தங்கம் அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அண்ணன் நம்பிக்கைக்கு இனி அசைவே இல்லை, இதை நானே சிப் கொடுத்து நடத்திவைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே சிதறிக் கிடந்த சிப்களை அடுக்கினேன்.

ரமோன் சார் கையைப் பின்னால் கட்டியபடி முன்னே வந்தார். "அருமையான முறை," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "இது எல்லாருக்கும் உபயோகப்படட்டும். முப்பது பேர் வேண்டும்."

முப்பது நீளமான துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் முன்பு எப்போதோ ஒரு மணி நேரத்தில் எங்கள் சக்கரத்தில் விழுந்த நாற்பது எண்கள், வரிசை மாறாமல். கூடவே மூடிக்கொள்ள ஒரு அட்டை. அட்டையைக் கீழே இறக்க இறக்க ஒவ்வொரு எண்ணாகத் தெரியும். ஆளுக்கு நூற்றிருபத்தேழு சிப் இருப்பதாக வைத்துக்கொண்டு, அண்ணனின் முறைப்படியே ஆடிப் பார்க்க வேண்டும். சிவப்பில் ஒன்று, தோற்றால் இரண்டு, தோற்றால் நாலு. அண்ணனும் ஒன்று எடுத்தார். தங்கம் அக்காவுக்கு ஒன்று கொடுத்தேன். அண்ணன் சந்தேகம் கேட்டவர்களிடமெல்லாம் போய் விளக்கினார், வகுப்பையே அவர்தான் நடத்துவதுபோல.

கால் மணி நேரம் பென்சில் சத்தமும் சிரிப்பும்தான். ஒரு சீனப் பாட்டி ஒவ்வொரு சிவப்புக்கும் மேசையைத் தட்டினாள். ஒவ்வொருவராகக் கையைத் தூக்கி லாபத்தைச் சொல்லச் சொல்ல நான் பலகையில் எழுதினேன். பத்தொன்பது, இருபத்திரண்டு, பதினெட்டு, இருபத்தொன்று. அண்ணனுக்கு இருபத்தொன்று. அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் இருந்தது.

அப்போது தங்கம் அக்கா எழுந்து நின்றாள்.

"எனக்கு எல்லாம் போச்சு."

அண்ணன் திரும்பினார். "போச்சா? எப்பிடிப் போவும்? இங்க தா." சீட்டை வாங்கினார். பென்சிலால் ஒவ்வொரு வரியாக மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். முதல் ஒன்பது வெற்றிகள் சரி. அதற்குப் பிறகு நாலு கறுப்பு. ஒரு பச்சை. மீண்டும் இரண்டு கறுப்பு. அறுபத்துநாலும் போய், கையில் மிச்சம் ஒன்பது. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்தார்.

"நீ என்ன தப்பு பண்ணின?"

"நீங்க பறஞ்சபடிதான் வச்சேன்."

"எங்கயாவது ஒண்ண விட்டுருப்ப."

"நீங்களே மூணு தடவ பாத்தாச்சே. தப்பு எங்கன்னு சொல்லுங்க."

பின்வரிசையிலிருந்து அந்த ஆஸ்திரேலியக்காரர் கையைத் தூக்கி, தன்னுடையதும் முழுகிவிட்டது என்றார். இன்னும் மூன்று பேர் தூக்கினார்கள். பலகையில் கூட்டிப் போட்டேன். இருபத்தைந்து பேர் சேர்ந்து ஜெயித்தது நானூற்று எண்பத்தொன்பது சிப். ஐந்தே பேர் சேர்ந்து தோற்றது ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மீதி நூற்றுமூன்று எங்களுக்கு.

ஆசிரியையாக நான் அன்று சொன்னது கொஞ்சம்தான். ஒவ்வொரு சுற்றிலும் பச்சைக் குழி காசினோவுக்காக ஒரு சின்னப் பங்கை எடுத்துக்கொள்கிறது. எந்த வரிசையில் கட்டினாலும், கூட்டினாலும் குறைத்தாலும், அந்தப் பங்கு மாறாது. இரட்டிக்கிற முறை தோல்வியை இல்லாமல் ஆக்குவதில்லை. அங்கங்கே சிதறிக் கிடக்கிற சின்னத் தோல்விகளைப் பொறுக்கி எடுத்து ஒரே இடத்தில் குவித்து வைக்கிறது. அந்தக் குவியலை மிதிக்காதவர்கள் எல்லாரும் ஜெயித்துக்கொண்டே இருப்பார்கள். முந்திய சுற்றில் என்ன விழுந்தது என்பது பந்துக்குத் தெரியாது.

அண்ணன் விடவில்லை. "அந்த நூறுங்கிற வரம்பு இல்லாம இருந்தா? எட்டாவது தடவையும் வச்சிருப்பேம்லா?"

"வைக்கலாம்ணே. எட்டாவது நூத்தி இருவத்தெட்டு. ஒம்பதாவது எரநூத்தி அம்பத்தாறு. பத்தாவது ஐநூத்திப் பன்னெண்டு. பத்து தடவைக்கு மொத்தம் ஆயிரத்தி இருவத்திமூணு சிப் கையில இருக்கணும்."

"இருக்குன்னு வையி. செவப்பு வந்தா எவ்வளவு கெடைக்கும்?"

"போனது போக, ஒண்ணு."

தங்கம் அக்கா சிரித்துவிட்டாள். "ஒரு சாயா குடிக்கதுக்குப் பசுவக் கொண்டு அடகு வைக்க மாதிரியில்லா இருக்கு."

சுற்றி நின்றவர்களுக்கு ஆங்கிலத்தில் அதை நான் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. மனைவியின் சீட்டையும் தன்னுடைய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில், அவளிடம் மட்டும் சொன்னார்.

"நீ ஒரு தப்பும் பண்ணல்ல, தங்கம். எனக்கு அதாக்கும் பயமாட்டு இருக்கு."

அந்த வார்த்தையில் அவர் முழுதாக விழித்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. நிறையப் படித்தவர்கள்கூட அந்த இடத்துக்கு வருவதில்லை. தோற்றவர் ஏதோ தப்புச் செய்திருப்பார், நான் செய்யமாட்டேன் என்றுதான் நினைப்பார்கள். அவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. தோற்றது முப்பத்தைந்து வருஷமாக அவருக்கு ஒரு கணக்கும் பிசகாமல் பார்த்துக்கொடுத்தவள்.

பத்து நிமிஷம் தனியாகப் போய் மேல்தளத்தில் நின்றார். திரும்பி வந்து கைபேசியை நீட்டி, இதில் எப்படி ஊருக்குக் கூப்பிடுவது என்று என்னைக் கேட்டார். நடுக்கடலில் சிக்னல் இல்லை. கப்பலின் தொலைபேசியைக் காட்டினேன். அது காசு பிடுங்கும் என்று எச்சரித்தேன்.

"பரவால்ல," என்றார். இடத்தை வாங்க இருந்தவரிடம் அவர் பேசியது மூன்றே வாக்கியம். "எடம் குடுக்கதுக்கில்ல. ஆமா, வெல நல்ல வெலதான். அவளுக்கு அங்க போயி நிக்கணுமாம்."

அவள் சொன்னது அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, இத்தனை நாளும். தங்கம் அக்கா ஸ்வெட்டரின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குளிர்கிறது என்றாள்.

அன்று பிற்பகல்தான் என் உத்தியோகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு மணி நேரம். அண்ணன் மூன்று நாளும் ஜெயித்த அறுபத்துச் சொச்சம் சிப்களைக் கொண்டுவந்து மனைவியின் மடியில் கொட்டினார்.

"இதுக்கு ஒரு சிஸ்டமும் கெடையாது. நீ ஒனக்க இஷ்டத்துக்குக் களி. தீந்த ஒடனே நிப்பாட்டு."

ரமோன் சார் என்னையே அந்த டேபிளுக்கு அனுப்பினார். பூகோளத்துக்கு ஒரு நாள் விலக்கு என்றார். தங்கம் அக்கா ஒவ்வொரு சிப்பாக வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. மகள் பிறந்த தேதி ஒன்று. வீட்டில் நிற்கிற கோழிகளின் எண்ணிக்கை இருபத்தொன்பது. பதினேழு எதற்கு என்று கேட்டபோது, "அதுக்கு ஒண்ணுமில்ல, பாக்க ஒல்லியா இருக்கு," என்றாள். அவள் சொல்லச் சொல்ல அண்ணன் ஓட்டை ஆங்கிலத்தில் அதை எல்லாருக்கும் மொழிபெயர்த்தார். கொஞ்ச நேரத்தில் டேபிளைச் சுற்றி எல்லாரும் அவரவர் வீட்டுக் கோழி, நாய், பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பந்து சுற்றும்போது அந்தச் சீனப் பாட்டி தங்கம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. இரண்டு மணி நேரமும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஒரு முறை இருபத்தொன்பது விழுந்தது. கோழி. நான் கண்ணாடிக் குமிழை வைத்துவிட்டு, தோற்ற சிப்களை எடுத்துவிட்டு, முப்பத்தைந்து சிப்பை அடுக்கி அவளிடம் தள்ளினேன். கப்பலின் அந்தத் தளம் முழுக்கச் சத்தம். அவள் அந்த முப்பத்தைந்தையும் அதேபோல் ஒவ்வொன்றாக வைத்துத் தோற்று முடித்தாள். கடைசிச் சிப்பும் போனதும் இரண்டு கையையும் உதறிவிட்டு எழுந்தாள்.

"கொள்ளாம். விருந்துக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு. வாருங்க, போயி சாயா குடிப்போம்."

பயணத்தின் மிச்ச நாட்களில் அவர்கள் காசினோ பக்கமே வரவில்லை. அண்ணன் நீச்சல் குளத்தில் இறங்கப் பழகினார் என்று கேள்விப்பட்டேன்.

நான் வேலையை விட்டு வந்து குழித்துறையில் குடியேறிய பிறகு, சந்தையில் ஒரு நாள் யாரோ பின்னாலிருந்து என் கையைப் பிடித்தார்கள். தங்கம் அக்கா. அப்படியே ஜீப்பில் ஏற்றி அந்த இரண்டு ஏக்கருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுப் புதுத் தைக் கன்றுகள் நட்டிருந்தார்கள். இடையில் அன்னாசி காய்த்துக் கிடந்தது. செல்லையன் அண்ணன் முழங்கால் வரை சேறோடு வந்து, ஒரு பழத்தை அறுத்து இலையில் வைத்துத் தந்தார். தூரத்தில் மழை மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தின்றோம்.

பாதியில் தங்கம் அக்கா நிறுத்தினாள்.

"பிள்ளே, கேக்கணும்னு நெனச்சேன். இத்தன வருசம் அந்தச் சக்கரத்தச் சுத்தினியே. அடுத்தது என்ன நம்பர் விழப் போவுதுன்னு ஒனக்கு ஒருக்கயாவது உள்ளுக்குள்ள தோணியிருக்கா?"

"ஒவ்வொரு தடவையும் தோணும் அக்கா."

அண்ணன் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரியா வருமா?"

"வரும்ணே. முப்பத்தேழுக்கு ஒரு தடவ."

அண்ணன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். மழை எங்கள்மேல் வந்து விழுகிறவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். யாரும் எழுந்து ஓடவில்லை.